ஜார்ஜ் வாஷிங்டன் சரித்திரம்

பள்ளிகளில் வாசக புத்தகம் கற்பிக்கும் எம்போன்ற ஆசிரியர் பலர், ஜார்ஜ் வாஷிங்டன் என்ற பெயரைக் கேட்ட அளவிலே ஒரு சிறு கோடரியும் ஒரு செர்ரி மரமும் மாணாக்கரது மனக்கண்ணில் தோன்றும்படி செய்துவிட்டோம். தந்தையார் அருமையாய் வளர்த்த மரத்தைச் சிறுவன் வெட்டினான் என்பதும், வினவியபோது பொய் சொல்லாது உண்மையை ஒப்புக்கொண்டான் என்பதும் அக்கதை. யானும் இருபது ஆண்டுகளாக அதனை வகுப்பில் சொல்லி வந்தவன். பின்னர் ஆராய்ந்து பார்க்குமிடத்து, அக்கதை வாஷிங்டன் இறந்ததற்குப் பின், வீம்ஸ் என்னும் பாதிரியார் ஒருவர் தாம் எழுதிய சரித்திரத்தின் பிற்பதிப்பொன்றில் 1806-ஆம் ஆண்டில் சேர்த்தது என்றும், அதற்குத் தக்க சான்று யாதும் இல்லை என்றும் தெரியவந்தது. மெய்ம்மையைக் கற்பிப்பதற்குப் பொய்யைக் கருவியாகக் கொண்டோமே என்று நாணினேன். அந்நாணத்தின் பயனே இக்கட்டுரை எனக் கொள்க.

ஒரு தேசம் அந்நியர் ஆட்சியினின்றும் விடுபடுதல் ஒன்று. விடுபட்ட தேசத்திற்கு ஓர் இராஜாங்கத்தை அமைத்து நடத்துதல் மற்றொன்று. முன்னையதற்குப் பகைவரை வெல்லும் ஆற்றல் வேண்டும். பின்னையதற்குத் தன்னைச் சேர்ந்தவரையும், அதனினும் அரியதாய்த் தன்னையும் வெல்லும் ஆற்றல் வேண்டும். வாஷிங்டனுடைய போர்த்திறத்தை விரித்துரைப்பார் பலர். அவர் 1789 முதல் 1797 வரை எட்டாண்டு ஒரு புதிய இராஜாங்கத்தை எங்ஙனம் உருவாக்கினார் என்பதையே ஈண்டு விரிவாகச் சொல்லப் புகுகின்றேன்.

இவர் வட அமெரிக்காவில் ஆங்கிலேயர் குடியேறியிருந்த நாடுகளுள் ஒன்றாகிய வர்ஜீனியாவில், 1732-ஆம் ஆண்டு பிப்ரவரி 22-ஆம் தேதி பிறந்தார். பதினோராம் வயதில் தந்தையை இழந்தார். தமையன்மாரைப் போல் இங்கிலாந்து சென்று கற்கும் பேறு இவர்க்கு வாய்க்கவில்லை. கல்லூரியின் வாயிலை மிதித்தவரும் அல்லர். கணக்கும் நில அளவையும் பயின்று, பதினேழாம் வயதிலேயே சர்வேயர் உத்தியோகம் பெற்றார். சங்கிலியும் திசைகாட்டியும் தூக்கிக் காடுமேடெல்லாம் அளந்து திரிந்த அவ்வாழ்க்கை உடலுக்கு உரத்தையும், எதனையும் அளந்து பார்த்தே முடிவு செய்யும் பழக்கத்தையும் அவர்க்கு அளித்தது. பிரெஞ்சுக்காரருடன் நடந்த எல்லைப் போரில் 1754-இல் தோல்வியுற்றார். மறு ஆண்டு பிராடக் என்னும் ஆங்கிலத் தளகர்த்தரின் படை சிதைந்தழிந்தபோது, ஏறியிருந்த குதிரைகள் இரண்டு வீழ, மேலங்கியில் நான்கு குண்டுகள் பாய, தாம் மட்டும் காயமின்றி மீண்டார். 1759-இல் மார்த்தா என்னும் செல்வம் மிக்க விதவையை மணந்தார். அவ்வம்மையார்க்கு முன்மணத்துப் பிள்ளைகள் இருவர் இருந்தனர். இவர்க்குச் சொந்த மக்கள் இல்லை. மவுண்ட் வெர்னன் என்னும் பண்ணையில் புகையிலையும் பின்னர்க் கோதுமையும் பயிரிட்டு வாழ்ந்தார். அப்பண்ணையில் உழைத்தவர் அடிமைகள். இதனைப் பின்னர்ச் சொல்லுவேன்.

ஆங்கில இராஜாங்கத்தார், தமக்கு நேர்ந்த போர்ச் செலவுக்கு ஈடாக, 1765 முதல் அமெரிக்கக் குடிகள்மீது வரி சுமத்தத் தொடங்கினர். தம் பிரதிநிதிகள் இல்லாத சபை தம்மீது வரி விதித்தல் முறையன்று எனக் குடிகள் எதிர்த்தனர். நம் நாட்டைப் பின்னாளில் விழுங்கிய அதே கிழக்கிந்தியக் கும்பினியாருடைய தேயிலைப் பெட்டிகள் 342-ஐ 1773-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்து இரவொன்றில் பாஸ்டன் துறைமுகத்துக் கடலில் எறிந்தனர். 1775-இல் போர் மூண்டது. பதின்மூன்று நாட்டாரும் கூடிய காங்கிரஸ் மகாசபை வாஷிங்டனைப் படைத்தலைவராக்கிற்று. சம்பளம் வேண்டா, செலவுக் கணக்கு மட்டும் எழுதித் தருவேன் என்று அவர் பதவியை ஏற்றார். தோற்ற போர்கள் பல; வென்றவை சில. வேலி போர்ஜ் என்னுமிடத்தில் 1777-ஆம் ஆண்டு இறுதியில் பனிக்காலம் கழிக்கப் புகுந்தபோது, போர்வீரர் பலர் காலுக்குச் செருப்பின்றி இருந்தனர். படை கலையாது காத்ததே அவரது பெருவெற்றி எனலாம். பிரெஞ்சுக்காரர் துணை செய்ய, 1781-ஆம் ஆண்டு அக்டோபர் 19-ஆம் தேதி, யார்க்டவுன் என்னும் ஊரில் ஆங்கிலத் தளபதி காரன்வாலிஸ் பிரபு தம் படையுடன் சரணடைந்தார்.

காரன்வாலிஸ் என்ற அப்பெயர் நம்மவர்க்குப் புதியதன்று. அங்கே தோற்ற அவரே ஐந்தாண்டு கழித்து இந்தியாவுக்குக் கவர்னர் ஜெனரலாக வந்து, திப்பு சுல்தானோடு பொருது, 1792-ஆம் ஆண்டு உடன்படிக்கையால் திண்டுக்கல்லையும், சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பாராமகாலையும் கும்பினிக்குச் சேர்த்தவர். மேல்கடலுக்கு அப்பால் ஒரு தேசம் விடுதலை பெற்ற பத்தாண்டுகளுக்குள், அங்கே வாள் ஈந்த கூட்டத்தின் தலைவரே ஈண்டு நம் ஊர்களை எழுதி வாங்கினார். காலத்தின் விளையாட்டு இவ்வாறிருந்தது.

நிற்க. போர் முடியும் தறுவாயில் நிகழ்ந்த இரண்டு செய்திகள் வாஷிங்டனை நமக்கு நன்கு காட்டுவன. 1782-ஆம் ஆண்டு மே மாதத்தில், படையைச் சேர்ந்த நிக்கோலா என்னும் கர்னல், காங்கிரஸ் சபையின் வலியின்மையை எடுத்துக்காட்டி, முடியாட்சியே தக்கது என்றும் அம்முடி யாருக்கு உரியது என்பது சொல்லாமலே விளங்கும் என்றும் பட அவர்க்கு ஒரு நிருபம் விடுத்தார். வாஷிங்டன் அன்றே கடுமையான மறுமொழி எழுதினார். அத்தகைய எண்ணத்தை நெஞ்சினின்றும் அகற்றிவிடுக என்று கண்டித்தார். மறு ஆண்டு மார்ச்சு மாதத்தில், பல மாதச் சம்பளம் பெறாத படை உத்தியோகஸ்தர்கள் நியூபர்க் பாசறையில் கூடிச் சபையை அச்சுறுத்த எண்ணினர். வாஷிங்டன் எதிர்பாராதபடி அக்கூட்டத்துட் புகுந்து பேசினார். பேச்சு அவர்களை முழுதும் மாற்றவில்லை. பின்பு கடிதமொன்றைப் படிக்கத் தொடங்கித் தடுமாறி, சட்டைப்பையினின்றும் மூக்குக்கண்ணாடி ஒன்றை எடுத்து அணிந்து, தேசத்தின் பணியில் தலை நரைத்ததோடு கண்ணும் மங்கியதென்று வருந்தினார். அவர் கண்ணாடி அணிந்ததை அதுகாறும் கண்டிலாத அவ்வீரர்களிற் பலர் கண்ணீர் உகுத்தனர். கலகம் அங்கேயே அவிந்தது. அவ்வாண்டு டிசம்பர் 23-ஆம் தேதி, அன்னபோலிஸ் நகரில் கூடியிருந்த சபையின் முன் நின்று, தமக்கு அளித்த படைத்தலைமைப் பத்திரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கிறிஸ்துமஸுக்கு முன்னாள் வீடு சேர்ந்தார்.

தேசமோ நிலைபெறவில்லை. போர்க்காலத்தில் ஏற்பட்ட உடன்படிக்கைப்படி பதின்மூன்று நாடுகளும் தனித்தனி அரசுகளே. காங்கிரஸ் சபைக்கு வரி விதிக்கும் அதிகாரம் இல்லை. நாடுகளைப் பார்த்து இரந்து கேட்கலாம், அவ்வளவே. கட்டளைகளை நிறைவேற்றும் தலைவன் ஒருவன் இல்லை. திருத்தம் ஒன்று செய்யப் பதின்மூவரும் ஒருங்கே இசைய வேண்டும். ஒருவர் தலையசைத்தாற் போதும், காரியம் கெட்டுவிடும். 1786-இல் மாஸசூஸெட்ஸ் நாட்டில் கடனாலும் வரியாலும் நொந்த குடியானவர்கள், ஷேய்ஸ் என்னும் பழைய படைவீரரைத் தலைவராகக் கொண்டு நீதிஸ்தலங்களை மூடுவித்தனர். பெற்ற சுதந்தரம் கைந்நழுவுமோ என்ற அச்சம் எங்கும் பரவிற்று.

இதனால் 1787-ஆம் ஆண்டு மே 25 முதல் செப்டம்பர் 17 வரை பிலடெல்பியா நகரில் ஒரு மகாநாடு கூடிற்று. ரோட் ஐலண்டு என்னும் சிறு நாட்டார் ஒருவரையும் அனுப்பவில்லை. ஏனைய பன்னிரு நாட்டாரும் அனுப்பியவருள் 55 பேர் வந்தனர். இறுதியில் கையொப்பமிட்டவர் 39 பேர். அக்கிராசனம் வகித்தவர் வாஷிங்டன். நான்கு மாதம் அவர் பேசியது மிகச் சிறிது. அவர் எதிரே அமர்ந்திருக்கும்பொழுது தலைவன் ஒருவனுக்கு அதிகாரம் அளிப்பதில் உறுப்பினர்க்குப் பேரச்சம் உண்டாகவில்லை. முதன்முதல் அப்பதவிக்கு வருபவர் யாவர் என்பது யாவர்க்கும் தெரிந்திருந்தது. அச்சபையிலேதான் அரசியல் திட்டம் உருவாயிற்று. அதில் ஒரு மறுவும் உண்டு. பிரதிநிதிகளைக் கணக்கிடும்போது அடிமைகள் ஐவரை மூவராக எண்ணுவதென்றும், அடிமை வாணிகத்தை 1808-ஆம் ஆண்டுக்கு முன் தடுத்தல் கூடாதென்றும் விதித்தனர். தென்னாட்டார் பிரிந்து போகாதிருக்கக் கொடுத்த விலை அது. அவ்விலையை வேறு யாரோ கொடுக்கும்படி நேர்ந்தது.

ஒன்பது நாடுகள் ஒப்புக்கொண்டால் திட்டம் நடைபெறும் என்ற நியதிப்படி, 1788-ஆம் ஆண்டு ஜூன் 21-ஆம் தேதி நியூ ஹாம்ப்ஷயர் ஒன்பதாவதாக ஒப்பிற்று. தலைவரைத் தேர்ந்தெடுக்க வந்த 69 தேர்வாளரும் ஒருவரொழியாது வாஷிங்டனுக்கே வாக்களித்தனர். துணைத்தலைவரானவர் ஜான் ஆடம்ஸ். நிலம் மிக உடையவராயினும் கையில் பணமின்மையின், வாஷிங்டன் அயலூர்ச் செல்வர் ஒருவரிடம் வட்டிக்குக் கடன் வாங்கிக்கொண்டே புறப்பட்டார். வழியெங்கும் தோரணமும் மலர்மாரியும். அவரோ கொலைக்களத்துக்கு நடக்கும் குற்றவாளியின் மனநிலை தமக்குள்ளதென நண்பர் ஒருவர்க்கு எழுதியிருந்தார். 1789-ஆம் ஆண்டு ஏப்ரல் 30-ஆம் தேதி, நியூயார்க்கில், வீதியில் நின்ற மக்கள் காணும்படி மாளிகையின் மேன்மாடத்தில் நின்று பிரமாணம் செய்தார். வேதபுத்தகம் எடுத்துவைக்க மறந்தமையால், அருகிலிருந்த மேசன் சங்கத்தாரிடம் ஒன்று இரவல் வாங்கினர். உடுத்தியிருந்தது ஐரோப்பியப் பட்டன்று. கனெக்டிகட் நாட்டில் நெய்த பழுப்பு நிறக் கம்பளி.

அன்று அவர் கைக்கு வந்த இராஜாங்கம் யாது? முந்திய சபை வைத்துப்போன கடனும், ஓராயிரம் பேர்க்கும் குறைந்த படையும், ஏறக்குறைய 75 தபால் நிலையங்களும், சம்பள பாக்கி கேட்கும் குமாஸ்தாக்கள் சிலரும். பொக்கிஷம் வெறுமை. நீதிஸ்தலம் இல்லை. பதின்மூன்று நாடுகளிலும் இரண்டு இன்னும் சேரவேயில்லை. 1790-ஆம் ஆண்டுக் குடிமதிப்பில் மக்கள்தொகை ஏறத்தாழ 39 லட்சம்; அவருள் ஏறத்தாழ 7 லட்சம் பேர் அடிமைகள்.

நம் ஊரில் ஒரு வாசகசாலை தொடங்குகின்றோம் என்று வைத்துக்கொள்வோம். முதற் காரியதரிசி கணக்குப் புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துச் சென்றாராயின், அப்புத்தகம் பின்வரும் காரியதரிசிகள் அனைவர் வீட்டிலுமே வாழும். சபைக்குத் திரும்பி வாராது. இவ்வனுபவம் எனக்கு உண்டு. முதலில் இருப்பவன் செய்வதே விதியாகின்றது. இதனை வாஷிங்டன் மிக நன்றாய் உணர்ந்திருந்தார். உணவுக்கு யாரை அழைப்பது, பார்க்க வருவாரை எந்நாளில் எந்நேரத்தில் காண்பது என்பன போன்ற சிற்றாராய்ச்சிகளையும் ஆடம்ஸ் முதலியவர்க்கு எழுதிக் கேட்டார். செவ்வாய்க்கிழமைதோறும் மாலையில் பொது வரவேற்பு நடத்தினார். வந்தவர்க்குத் தலைவணங்குவாரேயன்றிக் கைகுலுக்கமாட்டார். இஃது அரச தோரணை என்று குறைகூறினாரும் உளர். முற்றும் பொய்யென்று சொல்லற்கில்லை.

முதலில் எழுந்த பெரும்பூசல் பட்டப்பெயரைப் பற்றியது. தலைவரை எப்படி விளிப்பது? மேற்சபையாராகிய செனேட்டார், ஆடம்ஸ் தூண்ட, மேன்மை தங்கிய, சுதந்தரங் காக்கும் என்றின்னோரன்ன அடைமொழிகளை அடுக்கினர். வாரக்கணக்கில் வாதம் நடந்தது. ஆடம்ஸின் உடற்பருமனைச் சுட்டிப் பரிகாசப் பட்டம் ஒன்றை அவர்க்கே சூட்டினர் சிலர். கீழ்ச்சபையாராகிய பிரதிநிதிகள் ஒன்றுக்கும் இசையாராய், திட்டத்தில் எழுதியபடி பிரஸிடெண்டு என்பதே போதும் என்று முடித்தனர். அச்சொல்லின் பொருள் கூட்டத்தில் அக்கிராசனம் வகிப்பவன் என்னும் அவ்வளவே. இக்காலத்தில் உலகு அஞ்சும் பெயராய் நிற்கும் அது, பிறந்தபோது ஊர்ச்சபைத் தலைவனுக்கும் பொதுவான எளிய பெயராயிருந்தது.

சபையின் முதல் வேலை வருவாய் தேடுதல். 1789-ஆம் ஆண்டு ஜூலை 4-ஆம் தேதி சுங்கவரிச் சட்டத்தில் வாஷிங்டன் கையொப்பமிட்டார். அடுத்து வெளிநாட்டுக் காரியம், போர், பொக்கிஷம் என மூன்று இலாக்காக்களும், செப்டம்பர் மாதத்தில் நீதிஸ்தலங்களும் ஏற்பட்டன. உயர்நீதி மன்றத்து நீதிபதிகள் அறுவருக்கும் முதல்வராக ஜான் ஜே நியமனம் பெற்றார். மந்திரிகளைத் தலைவர் தாமே விலக்கலாமா, செனேட்டின் இசைவு வேண்டுமா என்பது ஒரு வழக்கு. செனேட்டில் வாக்குகள் சமமாய்ப் பிரிய, ஆடம்ஸ் தம் வாக்கால் தலைவர்க்கே அவ்வதிகாரத்தை நிலைநாட்டினார்.

அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்தில் நிகழ்ந்ததொன்று நகைச்சுவை உடையது. உடன்படிக்கைகளைச் செனேட்டின் யோசனையும் இசைவும் பெற்றே செய்யவேண்டும் என்பது திட்டம். அதனை எழுத்துப்படி கொண்ட வாஷிங்டன், தென்னெல்லைப் பழங்குடியினரோடு செய்யவிருந்த உடன்படிக்கையைப் பற்றி யோசனை கேட்கத் தாமே செனேட்டுக்குச் சென்றார். வீதியில் வண்டிகள் ஓடும் ஓசையில், படித்த காகிதம் ஒருவர் காதிலும் விழவில்லை. மறுபடி படித்தனர். உறுப்பினர் விடை சொல்லாது, ஒரு கமிட்டிக்கு விடலாம் என்றனர். தாம் நேரில் வந்ததன் பயனே கெட்டதென்று அவர் சினந்தெழுந்தார். இரண்டு நாள் கழித்து வந்து காரியத்தை முடித்துக்கொண்டார். பின்னர் யோசனை கேட்க அவர் அங்குச் சென்றதில்லை. எழுதி அனுப்புவதே வழக்கமாயிற்று.

பின்னும் ஒன்று. அவ்வாண்டு இலையுதிர் காலத்தில் வடகிழக்கு நாடுகளைச் சுற்றிப் பார்க்கச் சென்றார். தனவான்களின் வீட்டில் தங்கினால் கடப்பாடு உண்டாகுமென்று வழிச் சத்திரங்களிலேயே தங்கினார். பாஸ்டனில் கவர்னராயிருந்த ஜான் ஹான்காக், தம் நாட்டில் தாமே முதல்வராதலின் வாஷிங்டனே முதலில் தம்மைக் காண வரவேண்டும் என்று எதிர்பார்த்திருந்தார். வாஷிங்டன் அசையவில்லை, விருந்துக்கும் போகவில்லை. மறுநாள் ஹான்காக், வாத நோயென்று காலைத் துணியாற் சுற்றி, ஏவலர் தூக்கிவர வந்து கண்டார். இது வீம்பன்றோ எனின், அன்று. தனி நாடுகள் பெரியனவா, அனைத்தும் கூடிய தேசம் பெரிதா என்ற வினாவிற்கு அம்மரியாதை ஒன்றே விடையாயிற்று. திட்டத்தை இன்னும் ஏலாத ரோட் ஐலண்டின் எல்லையை அப்பயணத்தில் அவர் மிதிக்கவேயில்லை. மறு ஆண்டு அந்நாடு சேர்ந்த பின்னரே சென்றார். அப்பொழுது நியூபோர்ட்டில் வாழ்ந்த யூதர்க்கு எழுதிய விடையில், மதவுரிமை என்பது ஒரு சாரார் மற்றொரு சாரார்க்குச் செய்யும் சகிப்பன்று, யாவர்க்கும் இயல்பில் உரியது என்று விளக்கினார்.

மந்திரிகளைத் தெரிந்த முறை அவரது மதிநுட்பத்தைக் காட்டும். போர் மந்திரி ஹென்றி நாக்ஸ், முன்னர்ப் புத்தகக்கடை வைத்திருந்தவர். சட்டத்துக்கு எட்மண்டு ராண்டால்ப். பொக்கிஷத்துக்கு அலெக்ஸாண்டர் ஹாமில்டன். மேற்கிந்தியத் தீவில் பிறந்து ஆதரவற்று வந்தவர், முப்பதைச் சிறிதே கடந்த வயதினர். வெளிநாட்டுக் காரியத்துக்குத் தாமஸ் ஜெபர்ஸன். இவ்விருவரும் எலியும் பூனையுமாயினர். ஹாமில்டன் வாணிகமும் தொழிலும் வலிய மத்திய அரசும் வேண்டுபவர். ஜெபர்ஸன் உழவரையே தேசத்தின் உயிரென மதித்து, அதிகாரம் ஓரிடத்துக் குவிதலை அஞ்சுபவர். தம்மோடு ஒத்தூதுபவரையே சூழ வைத்துக்கொள்ளும் தலைவர் பலரைக் கண்ட நமக்கு, எதிரெதிர் நிற்கும் இருவரையும் தெரிந்தே அருகில் அமர்த்திய இவர் செயல் வியப்பாகவே இருக்கின்றது.

இருவர் கருத்தும் மோதியது கடனில். தேசத்தின் கடன் ஏறத்தாழ 540 லட்சம் டாலர். தனி நாடுகளின் கடன் ஏறத்தாழ 250 லட்சம். அனைத்தையும் மத்திய இராஜாங்கமே ஏற்று முழுதும் தீர்க்கவேண்டும் என்றார் ஹாமில்டன். தம் கடனைத் தீர்த்துவிட்ட வர்ஜீனியா போன்றவை, அயலார் கடனை நாம் ஏன் சுமப்பது என்றன. கஷ்டகாலத்தில் கடன்சீட்டுக்களை அரைக்கால் விலைக்கு விற்றுவிட்ட ஏழைப் படைவீரனுக்கு ஒன்றும் கிடையாது, வாங்கிப் பதுக்கிய வணிகனுக்கு முழுப்பணம் கிடைக்கும் என்று ஜேம்ஸ் மாடிஸன் வாதித்தார். அவ்வாதத்தில் நியாயம் இருந்தது, வெற்றி இல்லை. 1790-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஜெபர்ஸன் இட்ட விருந்தொன்றில் சமாதானம் பிறந்தது: கடனை மத்திய அரசு ஏற்பது, தலைநகரைத் தெற்கே பொடோமக் ஆற்றங்கரையில் அமைப்பது. இன்று வாஷிங்டன் என்ற பெயரோடு விளங்கும் நகரம் அவ்வாறு பிறந்ததே. மறு ஆண்டு பாங்கு ஒன்று நிறுவச் சட்டம் வந்தது. திட்டத்தில் பாங்கு என்ற சொல்லே இல்லையே என்றனர் ஜெபர்ஸனும் ராண்டால்பும். வாஷிங்டன் இருவரிடமும் எழுத்துமூலம் கருத்துப் பெற்று, அவற்றை ஹாமில்டனிடம் கொடுத்து விடையெழுதச் செய்து, எல்லாவற்றையும் படித்த பின்னரே, 1791-ஆம் ஆண்டு பிப்ரவரி 25-ஆம் தேதி கையொப்பமிட்டார். நில அளவையாளரின் பழக்கம் அது: இருபுறத்தும் நின்று பார்த்தல்.

ஒருமுறையோடு விலகிவிடவே எண்ணினார். 1792-இல் ஒன்றுக்கொன்று பகையாகிய ஹாமில்டனும் ஜெபர்ஸனும் இந்த ஒன்றில் மட்டும் ஒன்றுபட்டு, இருந்தே தீரவேண்டும் என வேண்டினர். மறுபடியும் ஒருமனதாகத் தேர்வுற்றார். இரண்டாவது நான்காண்டு முள்ளின்மேல் நடை. பிரான்ஸும் இங்கிலாந்தும் போர் தொடங்க, 1793-இல் நடுநிலை அறிவித்தார். இதுபற்றிச் சட்ட ஐயங்களை உயர்நீதி மன்றத்தாரிடம் கேட்டபோது, வழக்கு வந்தால் தீர்ப்புச் சொல்வோம், யோசனை சொல்வது எம் தொழிலன்று என்று அவர்கள் மறுத்தனர், அவரும் அடங்கினார். சாராய வரியை எதிர்த்துப் பென்ஸில்வேனியாவின் மேற்பகுதியார் எழுந்தபோது, 1794-இல் ஏறத்தாழ 13,000 பேர் கொண்ட சேமப்படையோடு தாமே பாதி வழி சென்றார். கலகம் படையைக் கண்டே கலைந்தது. மரண தண்டனை விதிக்கப்பட்ட இருவரையும் மன்னித்தார். ஜான் ஜே இங்கிலாந்தோடு செய்துவந்த உடன்படிக்கை தேசமெங்கும் சீற்றத்தை எழுப்பிற்று. ஜேயின் உருவத்தை ஊர்தோறும் கொளுத்தினர்; பத்திரிகைகள் வாஷிங்டனையும் விடவில்லை. வலியற்ற தேசத்துக்கு அமைதியே மருந்து என்று அவர் அதனை நிறைவேற்றினார். அவ்வுடன்படிக்கையில் ஒரு பகுதி, இந்தியாவில் ஆங்கிலேயர் துறைகளில் அமெரிக்கக் கப்பல்கள் வாணிகம் செய்ய இடந்தந்தது.

1796-ஆம் ஆண்டு செப்டம்பரில், மூன்றாம் முறை நிற்கப்போவதில்லை என்று பத்திரிகை வாயிலாக அறிவித்தார். திட்டத்தில் அப்போது அதற்குத் தடை ஒன்றும் இல்லை. 1797-ஆம் ஆண்டு மார்ச்சு 4-ஆம் தேதி ஆடம்ஸ் பதவியேற்ற மண்டபத்தில் ஒரு சாதாரணக் குடியாய் நின்று, புதிய தலைவரும் துணைத்தலைவரும் முன்னே செல்லத் தாம் பின்னே வெளிவந்தார் என்பர். அவர் வைத்த அவ்விருமுறை வழக்கத்தை 1940-ஆம் ஆண்டுவரை ஒருவரும் மீறி வென்றதில்லை. பின்பு 1951-இல் அது திட்டத்திலேயே சட்டமாயிற்று.

இனி, முன்னர் நிறுத்திவைத்ததைச் சொல்லவேண்டும். மறைத்தால் யானும் வீம்ஸ் பாதிரியாரின் சீடனே ஆவேன். வாஷிங்டன் இறந்த ஆண்டில் மவுண்ட் வெர்னனில் இருந்த அடிமைகள் 317 பேர். தலைநகர் பிலடெல்பியாவுக்கு மாறியபின், அவர் தம் வீட்டுப் பணிக்கு அடிமைகளை அங்குக் கொண்டுவந்தார். அந்நாட்டுச் சட்டப்படி, வெளிநாட்டார் கொணர்ந்த அடிமை ஆறு மாதம் தொடர்ந்து தங்கினால் விடுதலை பெறுவான். ஆகவே ஆறு மாதம் நிறைவதற்கு முன் அவர்களை எல்லைக்கு வெளியே அனுப்பி மீட்டு வரும்படியும், அவர்களும் ஊராரும் காரணம் அறியாவாறு ஏதேனும் சாக்குச் சொல்லிச் செய்யும்படியும் 1791-இல் தம் காரியதரிசிக்கு எழுதினார். பொய்யறியாச் சிறுவன் கதையை இருபதாண்டு சொன்ன எனக்கு, இக்கடிதச் செய்தியைப் படித்த அன்று வகுப்பில் பாடம் ஓடவில்லை.

மார்த்தா அம்மையாரின் தோழிப்பெண்ணாய் ஓனா ஜட்ஜ் என்னும் அடிமைப் பெண் ஒருத்தி இருந்தாள். தன்னை அம்மையாரின் பேர்த்திக்குப் பரிசாகக் கொடுக்கப்போகின்றனர் என்று அறிந்து, 1796-ஆம் ஆண்டு மே மாதத்தில், வீட்டார் உணவருந்திக் கொண்டிருந்த வேளையில் வெளியேறி, கப்பலேறி நியூ ஹாம்ப்ஷயரின் போர்ட்ஸ்மவுத் நகரை அடைந்தாள். வாஷிங்டன் தாமே 1793-இல் கையொப்பமிட்ட சட்டம், ஓடிய அடிமையை நீதிபதிமுன் நிறுத்தி மீட்க வழி செய்திருந்தது. அவ்வழி ஊரறியச் செல்வதாகலின், அவர் பொக்கிஷ மந்திரியைக் கொண்டு போர்ட்ஸ்மவுத் சுங்க அதிகாரிக்கு எழுதுவித்தார். தேசத்தின் வருவாய்க்கென்று தாம் முதலாண்டில் அமைத்த சுங்க இலாக்காவைத் தம் வீட்டுக்காரியத்துக்கு ஏவினார். அவ்வதிகாரி அவளைக் கண்டு பேசினார். எசமானர் இருவரும் இறந்தபின் விடுதலை தருவதாக வாக்களித்தால் திரும்புவேன் என்றாள் அவள். வாஷிங்டன் அதற்கு இசையவில்லை. ஓடிப்போனவட்கு வரம் கொடுத்தால் ஓடாதிருந்தவர்க்கு அநீதி என்றார். அவளும் வரவில்லை.

1799-ஆம் ஆண்டு ஜூலையில், யாரையும் கலவாது, தம் கையாலேயே மரணசாசனம் எழுதினார். தமக்கே சொந்தமான 123 அடிமைகளும் மனைவியின் காலத்துக்குப்பின் விடுதலை பெறவேண்டும், முதியவர்க்கு உணவும் உடையும் அளிக்கவேண்டும், சிறுவர்க்கு எழுத்தறிவிக்கவேண்டும் என்பது அதன் ஒரு பகுதி. போர்க்காலமெல்லாம் உடனிருந்த வில்லியம் லீ என்பவர்க்கு உடனே விடுதலையும் ஆண்டுக்கு 30 டாலர் உபகாரச் சம்பளமும் வைத்தார். அவ்வாண்டு டிசம்பர் 12-ஆம் தேதி பனியிலும் மழையிலும் பண்ணையைச் சுற்றிவந்தவர்க்குத் தொண்டை நோய் கண்டது. வைத்தியர்கள் பன்முறை இரத்தம் வாங்கினர். 14-ஆம் தேதி இரவு, தம் அறுபத்தேழாம் வயதில், அமைதியுடன் உயிர் நீத்தார்.

மார்த்தா அம்மையார் தம் இறுதிவரை காத்திராது, 1801-ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதியில் அந்த 123 பேரையும் விடுவித்தார். முதற் கணவர் குடும்பச் சொத்தாய் வந்த 153 பேரை விடுவிக்கும் உரிமை அவர்க்கும் இல்லை, வாஷிங்டனுக்கும் இருந்ததில்லை. 1802-இல் அம்மையார் இறந்தபின் அவர்கள் பேரப்பிள்ளைகள் நால்வர்க்கும் பங்கு பிரிக்கப்பட்டனர். இருவகையாரும் தம்முள் மணந்து வாழ்ந்தவராகலின், தந்தை விடுதலையும் தாயும் மக்களும் அடிமையுமாய்ப் பிரிந்த குடும்பங்கள் பல. ஓனா ஜட்ஜும் அந்த முதற் கணவர் சொத்தில் ஒருத்தியே. அவள் மாலுமி ஒருவனை மணந்து, எழுத்துக் கற்று, வறுமையிலே நியூ ஹாம்ப்ஷயரில் வாழ்ந்து, 1848-ஆம் ஆண்டு பிப்ரவரி 25-ஆம் தேதி இறந்தாள். அதுவரை, சட்டத்தின்படி, அவள் அடிமையே.